ஒரு கல் உப்பு

அன்பர் ஒருவர் தம் மகனின் கடிதத்தோடு வந்தார். வெளிநாட்டு வேலை பெற்றுத் தருவதாகக் கூறும் முகவர் ஒருவரைக் குறித்து, ‘அவர் பேச்சை வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட் ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று மகன் எழுதியிருந்தான். உப்பு என்றதும் நன்றியும் நேர்மையும் நினைவுக்கு வர, நம்பத்தக்கவர் என்றே பொருள்கொண்டு முன்பணமும் திரட்டிவிட்டார் தந்தை. பொருளோ நேர்மாறு: சொன்னதை அப்படியே நம்பிவிடாதீர்கள்!

இத்தொடரின் வேரை இலத்தீன் ஆசிரியர் பிளினியிடம் காண்பர். கி.பி. 77-ஐ ஒட்டி எழுதிய ‘இயற்கை வரலாறு’ என்னும் நூலில், போந்து நாட்டு மன்னன் மித்ரிதாத்தஸின் நஞ்சுமுறி மருந்தை அவர் குறித்துள்ளார். உலர்ந்த அக்ரூட் இரண்டு, அத்திப்பழம் இரண்டு, அருவதா இலை இருபது. இவற்றை ஒரு கல் உப்புடன் இடித்து வெறும் வயிற்றில் உண்டால், அன்று முழுதும் எந்நஞ்சும் தீண்டாதாம். (அந்த ‘ஆம்’ என்பதற்கே ஒரு கல் உப்பு வேண்டும்.)

ஆங்கிலேயர் ‘பிஞ்ச்’ என்பர். அமெரிக்கர் ‘கிரெயின்’ என்பர். முழுப் பொய்யென்று தெரிந்தவிடத்து இதனை ஆளலாகாது. மெய்யோடு மிகையும் கலந்திருக்கலாம் என ஐயுறுமிடத்தே ஆளுதல் வேண்டும்.

முகவரிடம் அரசுப் பதிவுச் சான்றைக் காட்டுமாறு அன்பர் கேட்டிருக்கிறார். இன்னும் காட்டவில்லை.