பாலமா? பந்தலா?

பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வருகிறது. கல்லூரி முதலாமாண்டு வகுப்பு தொடங்க ஜூன் கடைசியோ ஜூலையோ ஆகிவிடுகிறது. இந்த இடைவெளியில் சாலவாக்கம் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் முன்னால் இரண்டு பஸ் இருக்கின்றன. ஒன்று, கல்லூரி இருக்கும் உத்திரமேரூருக்கோ செங்கல்பட்டுக்கோ காஞ்சிபுரத்துக்கோ போகிற கவர்மெண்ட் பஸ். இன்னொன்று, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆள் ஏற்றிப் போகிற கம்பெனி பஸ். முதல் பஸ்ஸில் ஏற இன்னும் ஒன்றரை மாதம் காத்திருக்க வேண்டும். இரண்டாவதில் நாளைக்கே ஏறலாம், மாசம் பொறந்தா சம்பளம்.

"லீவுக்கு மட்டும் போயிட்டு வரேம்மா" என்று ஏறியவர்களில் எத்தனை பேர் திரும்பி இறங்கினார்கள்? அந்தக் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்?

இந்த இடைவெளியை அடைக்கத்தான் 'பிரிட்ஜ் கோர்ஸ்' என்கிறார்கள். சில இடங்களில் டிரஸ்ட்டுகள் கோடையில் நடத்துகின்றன. பெரும்பாலான கல்லூரிகளில் சேர்ந்த முதல் வாரம் நடக்கிறது. பொறியியல் கல்லூரிகளுக்கு ஏஐசிடிஇ மூன்று வார அறிமுகப் பயிற்சி என்றது. 2019ல் யுஜிசி 'தீக்‌ஷாரம்ப்' என்று ஒரு வழிகாட்டியே வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2022ல் 'நான் முதல்வன்', 'கல்லூரிக் கனவு' என்று தொடங்கியது. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேவையும் நிஜம்தான்.

எவ்வளவு நிஜம் என்று பி.காம் வகுப்பில் வந்து பாருங்கள். தமிழ் வழியில் கணக்குப் பதிவியல் படித்த பெண்ணுக்குப் பற்று தெரியும், வரவு தெரியும், பேரேடு தெரியும், இருப்பாய்வு போட்டால் இரண்டு பக்கமும் டேலி ஆகும். முதல் வாரத்தில் அதே சங்கதி டெபிட், கிரெடிட், லெட்ஜர், டிரையல் பேலன்ஸ் என்று வந்து நிற்கிறது. தெரிந்த பாடமே தெரியாத பாடமாகிவிடுகிறது! பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் சயின்ஸ் குரூப் படித்துவிட்டு வந்தவன். அவனுக்கு இரண்டு மொழியிலும் எல்லாமே புதுசு. இந்த இருவருக்கும் தேவை வேறு வேறு. ஆனால் பிரிட்ஜ் கோர்ஸில் கிடைப்பது என்னவோ ஒரே 'மை நேம் இஸ்' வகுப்புதான்.

குத்துவிளக்கு, பேனர், சிறப்பு விருந்தினர், தன்னம்பிக்கை உரை, கடைசி நாள் சான்றிதழ், குரூப் போட்டோ. மறுநாள் பேப்பரில் "மாணவர்கள் திரளாகக் கலந்துகொண்டு பயனடைந்தனர்" என்று செய்தி. கலந்துகொண்டார்கள், சரி. பயனடைந்தார்கள் என்று எப்படித் தெரிந்தது? வருகைப் பதிவேட்டைப் பார்த்தா? டீ, பிஸ்கட் கொடுத்த கையோடு நீட்டிய ஃபீட்பேக் ஃபாரத்தைப் பார்த்தா? செலவுப் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு 'நிகர லாபம்' என்று கையெழுத்துப் போட்டால் பி.காம் முதல் செமஸ்டரிலேயே ஃபெயில் ஆக்கிவிடுவார்கள். கல்லூரிகள் மட்டும் வருடா வருடம் பாஸ் ஆகின்றன.

சரி, வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டால் போதுமா? போதாது. கோடையில் தானாக வந்து உட்காருகிறவர்கள் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்கள். வீட்டில் அவர்கள் சம்பளத்தை எதிர்பார்க்காதவர்கள். அவர்கள் நன்றாகப் படித்தால் அந்தப் பெருமை கோர்ஸுக்கா, வீட்டுக்கா? இதற்கு ஒரே வழி குலுக்கல். விருப்பம் தெரிவித்த எல்லோர் பெயரையும் போட்டுக் குலுக்கி, ஒரு பகுதியினரைச் சேர்த்து, மற்றவர்களோடு ஒப்பிட வேண்டும்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 2009 கோடையில் இதைச் செய்தார்கள். எட்டுக் கல்லூரிகள், சுமார் 1,300 மாணவர்கள், நான்கைந்து வார வகுப்பு. தலைக்குச் சராசரியாக 1,300 டாலருக்கு மேல் செலவு. வேலையை விட்டு வருகிறார்களே என்று 400 டாலர் வரை உதவித்தொகை வேறு. 2012ல் முடிவு வந்தது. முதல் ஒன்றரை வருடம் கணக்கிலும் எழுத்துத் திறனிலும் முதல் நிலைத் தாளை இவர்கள் அதிகமாகப் பாஸ் செய்தார்கள். இரண்டு வருடம் ஆனதும் அந்த வித்தியாசம் காணாமல் போனது. படிப்பைத் தொடர்ந்தவர்கள் எண்ணிக்கையிலும் மாற்றம் இல்லை.

அங்கேயே இந்தக் கதி என்றால், ஐந்து நாள் பந்தலுக்கு என்ன ஆகும்?

"ஒண்ணுமே இல்லாததுக்கு இது பரவாயில்லையே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். டெக்சாஸில் முதலில் கிடைத்த பலன் பொய்யல்ல. அதைத் தாங்கிப் பிடிக்க அப்புறம் யாரும் இல்லை என்பதுதான் கோளாறு. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007ல் 'அசாப்' என்று ஒன்றைத் தொடங்கியது. மூன்று வருடம் விடாமல் ஆலோசகர், புத்தகம், கட்டணத்தில் மிச்சம் விழுந்ததைத் தள்ளுபடி செய்வது, எல்லாவற்றுக்கும் மேலாக மாதா மாதம் இலவச பாஸ். அங்கேயும் குலுக்கல் வைத்துத்தான் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் பட்டம் வாங்கியவர்கள் 22 சதவீதத்திலிருந்து 40 சதவீதமானார்கள். ஒரு மாணவருக்கு ஆன செலவு அதிகம். ஆனால் ஒரு பட்டத்துக்கு ஆன செலவு குறைவு! காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிறவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

குலுக்கல் என்றதும் 'மாணவர் வாழ்க்கையில் லாட்டரியா' என்று முகம் சுளிக்க வேண்டாம். சாலவாக்கத்துக்குப் பக்கத்து ஊர்தானே உத்திரமேரூர்? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில் கி.பி. 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அதே கல்வெட்டில் இன்னொரு விதியும் உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக்கூடாது, அவன் சொந்தக்காரனும் நிற்கக்கூடாது. நிலமும் வேதப் படிப்பும் இருந்தவர்களுக்கு மட்டுமே இடம் கொடுத்த சபை அது, தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டியதில்லை. ஆனால் ஏரி வாரியத்திடம் கேட்ட கணக்கை, ஆயிரத்து நூறு வருடம் கழித்து ஒரு பிரிட்ஜ் கோர்ஸிடம் கேட்கக்கூடாதா?

கேட்க வேண்டியது நான்கே நான்கு. ஒன்று, முதல் நாள் ஒரு தேர்வு, கடைசி நாள் அதே தரத்தில் ஒரு தேர்வு. இரண்டு, மூன்றாம் செமஸ்டர் முடிவில் எத்தனை பேருக்கு எத்தனை அரியர் என்ற பட்டியல். மூன்று, அட்மிஷன் போட்டுவிட்டு வராமல் போனவர்கள், நடுவில் நின்றவர்கள் எத்தனை பேர், ஏன் என்ற கணக்கு. நான்கு, ஐந்து நாளில் கொட்டுவதை முதல் வருடம் முழுக்க வாரம் இரண்டு மணி நேரமாகப் பிரித்துக் கொடுப்பது. பெயர் வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் போதும். இதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் வேண்டாம், மனசுதான் வேண்டும்.

அதற்கும் முன்னால், சான்றிதழ் அச்சடிக்கிற காசில் மே மாதமே ஒரு போன் செய்யலாம். "தம்பி, அட்மிஷன் போட்டியே, என்னைக்கு வர்ற? பஸ் பாஸுக்கு போட்டோ எடுத்துட்டியா? கட்டணம் கட்ட முடியலையா?" என்று கேட்க ஒரு ஆள். ஏனென்றால் பிரிட்ஜ் கோர்ஸின் முதல் நாள் ஹாலில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏற்கெனவே பாதி ஆற்றைக் கடந்தவர்கள். பாலம் யாருக்குத் தேவையோ, அந்தப் பையன் அந்த நேரம் கம்பெனி பஸ் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு போகிறான்.