பிரதம அதிதிக்கு எட்டடி, புலவருக்குப் பெயர் மட்டும்

அண்மையில் எமது பகுதியில் ஒரு நினைவுக் கூட்டம். காலஞ்சென்ற புலவரின் முகத்தைக் கையால் வரைவித்து மேடையில் வைக்கலாம் என்றேன். வரையத் தெரிந்த பையன் கெலிஓயாவிலேயே இருக்கிறான், அவனும் சம்மதித்தான். ஏற்பாட்டுக் குழு மறுத்துவிட்டது. உருவம் வரைவது ஆகாது, அது எமது மரபிலும் இல்லை என்றார்கள். கூட்டத்தன்று போய்ப் பார்த்தால் மேடையின் பின்னால் பெரியதொரு டிஜிட்டல் பெனர். அதில் பிரதம அதிதியான அரசியல்வாதியின் முகம் எட்டடி உயரத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. புலவருக்குக் கீழே பெயர் மட்டும். அதுவும் எழுத்துப் பிழையோடு.

உருவப்படம் ஆகாது என்று மனப்பூர்வமாக நம்பி, அதைத் தன் வீட்டிலும் கடையிலும் கடைப்பிடிப்பவரோடு எனக்கு வழக்கில்லை. அப்படியான பெரியவர்கள் எம்மத்தியில் இருக்கிறார்கள். கெமரா நீண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்களை மதிக்கிறேன். என் வழக்கெல்லாம் தேர்தல் காலத்தில் நன்றாக உறங்கி, எழுத்தாளன் மௌத்தான பிறகு மட்டும் விழித்துக்கொள்ளும் பத்வாவோடுதான். அடையாள அட்டைக்கு முகம் வேண்டும், ஹஜ்ஜுக்குப் போகக் கடவுச்சீட்டுக்கும் முகம் வேண்டும் என்பதை நாம் ஏற்றுக்கொண்டு வெகுகாலமாகிறது. எகிப்தின் முஹம்மது அப்துஹு, சிசிலிக்குப் போய்வந்த பின் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே 'அல்மனார்' இதழில் சித்திரங்களைப் பேணுவதன் பயனை எடுத்தெழுதினார். எல்லோரும் அவரை ஏற்க வேண்டுமென்பதில்லை. ஆனால் இதில் கருத்து வேறுபாடு உண்டென்பதையே மறைப்பது நேர்மையல்ல.

மரபில் இல்லை என்ற கூற்றுத்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். முகலாய தர்பாரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அக்பர் தன்னை வரைய ஓவியர் முன் அமர்ந்தார். தன் பிரபுக்கள் எல்லோரையும் வரைவித்துப் பெரிய தொகுதியாக்கினார். இதைச் சொல்பவர் அபுல் பஸ்ல், 'ஆயினே அக்பரி'யில். அந்த அபுல் பஸ்லுக்கும் முகம் கிடைத்தது. தன் நூலை அக்பரிடம் கையளிக்கும் அவரைக் கோவர்தன் என்ற ஓவியர் வரைந்தார். அது இன்று டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. ஓர் எழுத்தாளன் தன் புத்தகத்தோடு அரசன் முன் நிற்கும் படம்! எமது வெளியீட்டு விழாக்களில் எழுத்தாளன் எந்த மூலையில் நிற்கிறான் என்பதை வாசகர் அறிவர்.

ஜஹாங்கீர் காலத்துப் பிசித்ர் வரைந்ததையே இங்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். 1615-18 அளவில் வரையப்பட்டது. இப்போது வாஷிங்டனின் ஃபிரீயர் காட்சிக்கூடத்தில் உள்ளது. பேரரசர் மணற்கடிகையின் மேல் அமர்ந்திருக்கிறார். கையிலுள்ள நூலை வெண்தாடி ஷைகு ஒருவருக்குக் கொடுக்கிறார். அவர் அஜ்மீர் தர்காவின் பொறுப்பாளர் ஷைகு ஹுஸைன் என்பது ஆய்வாளர் கருத்து. அவருக்குக் கீழேதான் உதுமானிய சுல்தான் நிற்கிறார். அவருக்கும் கீழே இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ். ஆகக் கடைசியில், ஒரு படத்தைக் கையில் ஏந்தியபடி, ஓவியர் பிசித்ர் தாமே. ஜேம்ஸை ஜஹாங்கீர் கண்டதே இல்லை; ஆங்கில ஓவியமொன்றைப் பார்த்துப் போட்ட முகம் அது. இதுவும் அரசனைக் குளிர்விக்கும் முகஸ்துதிதானே என்று கேட்கலாம். ஆம், முகஸ்துதிதான். அரண்மனைச் சோறு தின்றவன் வேறென்ன செய்வான்? ஆனால் அந்த முகஸ்துதியிலும் அறிஞரை மன்னர்களுக்கு மேலே வைத்தால்தான் அரசனுக்கு அழகு என்ற எண்ணம் இருந்தது. எமது பெனரில் அந்த எண்ணமும் இல்லை.

1618இல் இனாயத் கான் என்ற பிரபு அபினாலும் மதுவாலும் எலும்பும் தோலுமாகிச் சாகக் கிடந்தபோது, ஜஹாங்கீர் அவரையும் வரைவித்தார். அந்தக் கோட்டோவியம் பொஸ்டன் நூதனசாலையில் இருக்கிறது. பார்த்தவர் மறக்கமாட்டார். உருவப்படமென்றால் உயர்த்திப் பிடிப்பது மட்டுமல்ல என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இவற்றை 'இஸ்லாமியக் கலை' என்று மார்தட்டும் எம்மவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கோவர்தனும் பிசித்ரும் பிஷன்தாஸும் இந்துக்கள். அக்பர் கண்டெடுத்த தஸ்வந்த், பல்லக்குத் தூக்கியின் மகன். சுவர்களில் கிறுக்கித் திரிந்தவன். அவனுக்குக் கற்பித்தவர் பாரசீகத்திலிருந்து வந்த அப்துஸ் ஸமத். பையன் யார் மகன் என்று அங்கு எவரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

கண்டிக்கு வருவோம். கெலிஓயாவிலிருந்து இரண்டு பஸ் மாறினால் தெகல்தொருவ குகை விகாரை. கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் தொடக்கிவைத்த அந்த விகாரைச் சுவர்களில் தேவரகம்பொல சில்வத்தென்ன முதலானோரின் கைவண்ணத்தை இன்றும் காணலாம். அந்த மன்னனின் உருவம் தம்புள்ளையின் மூன்றாம் குகையில் நிற்கிறது. அவன் நாயக்கர் வம்சத்தவன், வந்தவன். ஆயினும் இந்த மண்ணின் கலைஞர்கள் அவனுக்கு உருவம் கொடுத்தார்கள். கண்டியச் சித்திரக்காரர்களைப் பற்றி 1908இல் விரிவாக எழுதிய ஆனந்த குமாரசுவாமியே பின்னர் பொஸ்டனில் முகலாய ஓவியங்களையும் அட்டவணைப்படுத்தினார். கொழும்பில் பிறந்த ஒருவருக்கு இரண்டும் ஒரே அக்கறையாக இருக்க முடிந்தது. எமக்கு இரண்டுமே அந்நியம்.

எமது அறிஞர்களின் கதி என்ன? கண்டியில் பிறந்து, 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கி, 1885இல் 'அசன்பேயுடைய கதை'யைத் தந்த சித்திலெப்பையின் முகத்தை 1977இல் முத்திரையில் இட்டது அரசாங்கம். நாம் செய்தது என்ன? உடத்தலவின்னையிலிருந்து புன்னியாமீன் தனியொருவராக எழுத்தாளர் விபரங்களைத் தொகுதி தொகுதியாகத் திரட்டினார். 2016இல் அவரும் போய்விட்டார். அந்தப் பணியை அவரோடு தோள்கொடுத்துச் செய்தவர்கள் எத்தனை பேர்?

நினைவு மலர் வெளியிடுவோருக்கு ஒரு வேண்டுகோள். முதல் நான்கைந்து பக்கங்களை அமைச்சர், எம்.பி., தவிசாளர் என்று வாழ்த்துச் செய்திகளுக்குக் கொடுக்கிறீர்கள், ஒவ்வொன்றுக்கும் வர்ணப் படத்தோடு. அவற்றில் ஒரு பக்கத்தை வாங்கி, ஊரில் வரையத் தெரிந்த ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். கூலியும் கொடுங்கள். ஓரத்தில் அவன் கையெழுத்தைப் போட்டுக்கொள்ளட்டும். பிசித்ரும் தன் பெயரைப் பேரரசரின் பாதபீடத்தில்தான் எழுதி வைத்தார்.