கோட்டம் எடுக்கக் கற்போம்

நம் கல்லூரி மிதிவண்டிக் கொட்டகையின் மூலையில் துருவேறிக் கிடக்கும் வண்டிகளைக் காணும்போதெல்லாம் எனக்கு வருத்தமே மேலிடுகிறது. அவற்றுள் பல, மேல்நிலைப் பள்ளியில் அரசு விலையின்றி வழங்கியவை. சக்கரம் கோணியது, செயின் நழுவியது என்ற இரண்டே குற்றங்களுக்காக அவை பழைய இரும்புக் கடைக்குப் போகக் காத்திருக்கின்றன. இத்தண்டனை தகாது என்பதே என் கருத்து.

பழைய 28 அங்குல வண்டியின் பின்சக்கரத்தில் 40 கம்பிகள், முன்சக்கரத்தில் 32. ஒவ்வொன்றும் ரிம்மைத் தன் பக்கம் இழுக்கிறது. இழுப்பு சமமாயிருக்கும்வரை சக்கரம் நேராகச் சுழலும். ஒரு கம்பி அறுந்தால் எதிர்ப்பக்கம் வெல்லும்; ரிம் கோணும். ஆகவே அறுந்த கம்பியை முதலில் மாற்ற வேண்டும். பின்பு வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சுழலும் ரிம்மின் அருகே ஒரு சாக்குக்கட்டியை அசையாமல் பிடித்தால், கோணிய இடம் தானே கோடு வாங்கிக்கொள்ளும். அங்கே ரிம் இடப்பக்கம் சாய்ந்திருந்தால், வலப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, இடப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். பொறுமையே இதற்கு மூலதனம். ரிம் விரிசல் கண்டிருந்தால் மட்டும் புதியது வாங்குவதே அறிவுடைமை.

செயினுக்கும் கணக்குண்டு. அரை அங்குலக் கண்ணிகள் 24 சேர்ந்தால் 12 அங்குலம். அதற்குமேல் அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது என்று பொருள். பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் ஃப்ரீவீலையும் உடன் மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயின் மாட்டினால், மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது நழுவும், காசும் வீண்.

‘சைக்கிள் கடைக்காரர் எதற்கு இருக்கிறார்?’ என்று நண்பர்கள் கேட்கலாம். அவர் கைத்திறனே நமக்குப் பாடநூல். ஆனால் கையில் காசில்லாத வாரத்தில், வண்டி நின்றால் வகுப்பும் நின்றுவிடுகிறதே! 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரமாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பிறர் துணையின்றிப் போய்வரும் உரிமையை அது அவர்களுக்குத் தந்தது. ஓட்டக் கற்பது அவ்வுரிமையில் பாதி. பழுது பார்க்கக் கற்பது மறுபாதி.

கல்லூரியிடம் நான் கேட்பது பெரிதன்று. ஒரு நிப்பிள் சாவி, சில ஸ்பேனர்கள், ஓர் எண்ணெய்க் குப்பி, வாரத்தில் ஒரு மணி நேரம். கரும்பலகையில் இழுவிசையை விளக்கும் இயற்பியல் ஆசிரியர்கள் கொட்டகைக்கும் வந்து விளக்கலாமே!

கையில் எண்ணெய்க் கறை படிவது கல்விக்கு இழுக்கன்று. கொட்டகையில் கிடக்கும் வண்டிகளில் ஒன்றையேனும் இவ்வாண்டு நிமிர்த்துவோம், வாரீர்!