நம்ம வைக்கோலில் இருப்பதை நமக்கே விற்கிறான்!



நடவு முடிந்து மேலுரத்துக்கு யூரியா வாங்கப் போனால் கடையில் என்ன நடக்கிறது? "யூரியா வேணும்னா இந்தச் சிலிக்கா பாட்டிலையும் எடுத்துக்கணும்" என்கிறார்கள். வேண்டாம் என்றால் "ஸ்டாக் இல்லை" என்று பதில். பயிர் மஞ்சளடித்து நிற்கும்போது நாம் எங்கே போய் வாதாடுவது? கடனைச் சொல்லியாவது வாங்கி வருகிறோம். பாட்டில் திண்ணையில் கிடக்கிறது.

சிலிக்கா நெல்லுக்கு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நெல்லைப் போல சிலிக்காவைத் தின்னும் பயிர் அபூர்வம். வேர் அதைச் சிலிசிக் அமிலமாக, தண்ணீரில் கரைந்த வடிவில்தான் உறிஞ்சும். அது இலைத்தோலுக்கு அடியில் கண்ணாடிச் சில்லு போலப் படியும். இலை நிமிர்ந்து நிற்கும், தண்டு சாயாது, குலைநோயும் செம்புள்ளியும் உள்ளே நுழையத் திணறும், குருத்துப்பூச்சிப் புழுவின் பல் தேயும். யூரியாவை அள்ளிக் கொட்டி இலை தொங்கிப்போன வயலில் இதன் அருமை தெரியும். ஜப்பான்காரன் 1955-லேயே சிலிக்காவை உரமென்று சட்டப்படி ஏற்றுக்கொண்டான்.

அப்படியானால் தகராறு எதில்? கணக்கில்!

வைக்கோலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு போல சிலிக்கா இருக்கிறது. ஏக்கருக்கு இரண்டு டன் வைக்கோல் என்றால் 200 கிலோ. பத்து சதம் என்று அச்சடித்த ஒரு லிட்டர் பாட்டிலில் இருப்பதோ 100 கிராம் சொச்சம். எந்திரத்தில் கட்டி லாரியில் ஏற்றி 200 கிலோவை வெளியே அனுப்பிவிட்டு, 100 கிராமைக் காசு கொடுத்து வாங்குகிறோம். இலையில் தெளிப்பதால் நோய்க்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம். மண் இழந்ததை அது ஒருநாளும் ஈடுகட்டாது.

உமியும் அப்படித்தான். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அந்த உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. நம் நெல்லின் சாம்பல் சிமெண்டுக்கும் இரும்பாலைக்கும் போகிறது, நம் வயலுக்கு மட்டும் வருவதில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். மணலையும் சோடாவையும் ஆயிரம் டிகிரிக்கு மேல் உருக்கி எடுப்பது சோடியம் சிலிகேட். சோப்புத்தூளுக்கும் அட்டைப்பெட்டிப் பசைக்கும் போகிற சரக்கு. அது வயலில் இறங்கினால் சோடியமும் சேர்ந்து இறங்கும். களர் நிலத்துக்காரன் கதி என்ன? பொட்டாசியம் சிலிகேட் பரவாயில்லை, ஆனால் அதுவும் கடுங்காரம். கண்ணில் பட்டால் எரித்துவிடும். அமிலத் தன்மையுள்ள மருந்தோடு டேங்கில் கலந்தால் கூழாகி நாசிலை அடைக்கும். விற்கிறவன் இதில் ஒன்றையாவது சொன்னானா? எந்தச் சிலிகேட் என்று லேபிளில் பாருங்கள். போட்டிருக்காவிட்டால் வாங்காதீர்கள்.

நாம் செய்ய வேண்டியது: வைக்கோல் முழுவதையும் விற்காமல் மாட்டுக்குப் போக மிச்சத்தை மடக்கி உழுவோம். மாட்டுச்சாணம் வயலுக்கே திரும்பட்டும். உமிச்சாம்பல் கிடைத்தால் தண்ணீர் தெளித்து நனைத்தே அள்ளுங்கள், தூசி நுரையீரலுக்கு ஆகாது. கருஞ்சாம்பலே நல்லது. அதிகச் சூட்டில் வெந்து வெளுத்த சாம்பல் லேசில் கரையாது.

அரசு செய்ய வேண்டியது:

1. யூரியாவோடு வேறு சரக்கைக் கட்டி விற்கும் கடைகளின் உரிமத்தை ரத்து செய்!
2. எந்தச் சிலிகேட், எத்தனை சதம், சோடியம் எவ்வளவு என்று பாட்டிலில் தமிழில் அச்சிடச் செய்!
3. மண் பரிசோதனை நிலையங்களில் கரையும் சிலிக்காவையும் சோதித்துச் சொல்!
4. அரவை ஆலைகளின் உமிச்சாம்பலில் ஒரு பங்கை விவசாயிக்கு ஒதுக்கு!
5. சிலிக்காவைக் கரைக்கும் நுண்ணுயிர் உரத்தை எல்லா வேளாண்மை விரிவாக்க மையத்திலும் தட்டுப்பாடில்லாமல் கொடு!

ஒருத்தர் தனியாகக் கேட்டால் "ஸ்டாக் இல்லை". நூறு பேர் சேர்ந்து கேட்டால் மூட்டை தானாக வெளியே வரும். கட்டாயப்படுத்தி விற்ற பாட்டிலையும் பில்லையும் எடுத்துக்கொண்டு இந்த மாத விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு வாருங்கள். பில் தராத கடை என்றால் பாட்டிலோடு மட்டும் வாருங்கள். கலெக்டர் மேசையில் வரிசையாக அடுக்கி வைப்போம், பதில் வரும்வரை நகரமாட்டோம்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்