இருமொழி மழலை

"பிள்ளைக்கு இரண்டு வயது நிறைந்துவிட்டது. வீட்டிலே தமிழ் கேட்கிறான்; வெளியிலே சிங்களம் கேட்கிறான். இரண்டையும் கலந்து பேசுகிறான். இதனால் ஒரு மொழியும் உருப்படியாக வராமற் போய்விடுமோ?" பதுளை, பசறை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கத்துப் பெற்றோரிடையே அடிக்கடி எழும் கேள்வி இது. சிறு கேள்விபோலத் தோன்றினும், இதற்கு நாம் கொள்ளும் விடையைப் பொறுத்தே ஒரு குழந்தை தன் பாட்டியோடு மனம்விட்டுப் பேசுமா, பேசாதா என்பது முடிவாகிறது. ஆகவே இவ்வாரம் இதனைச் சற்று ஆராய்வோம்.

ஊவா மாகாணத்திலே தமிழும் சிங்களமும் அண்டை வீட்டார் போன்றவை. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிப் பயிருக்காகவும், அது நோயுற்று அழிந்தபின் தேயிலைக்காகவும் தமிழகத்திலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் மலைச்சரிவு லயங்களில் வாழ்கின்றனர். சரிவின் அடியிலே, வயலும் ஓடையும் உள்ள இடங்களிலே சிங்களக் கிராமங்கள் இருக்கின்றன. 1924ஆம் ஆண்டு புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்தது. பதுளைக் கடைவீதியிலே ஒரே வியாபாரி ஒருவருக்குத் தமிழிலும் அடுத்தவருக்குச் சிங்களத்திலும் விலை கூறுவதை இன்றும் கேட்கலாம். இத்தகைய இடத்தில் வளரும் குழந்தையின் செவியில் இரு மொழியும் விழுவது இயல்பேயாம்.

ஆகஸ்ட் மாதத்துப் பிற்பகல் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஊவாத் தேயிலைக்குத் தனிமணம் தரும் வறண்ட காற்று வீசுகிறது. தாய்மார் மலையிலே கொழுந்து பறித்துக்கொண்டிருக்கிறார்கள். முன்னாளில் பிள்ளை மடுவம் என்றும் இந்நாளில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்றும் வழங்கும் இடத்தின் முன்னே, மரநிழலில் இரண்டு மூன்று வயதுக் குழந்தைகள் விளையாடுகின்றனர். தோட்டத்திலே வேலை செய்யும் சிங்களக் குடும்பத்துப் பிள்ளைகளும் அவர்களுள் உளர்.

தாகமெடுத்த குழந்தை ஒன்று, "வத்துர வேணும்" என்கிறது. 'வத்துர' என்பது தண்ணீரைக் குறிக்கும் சிங்களச் சொல்; 'வேணும்' நம் தமிழ். கேட்போர் நகைப்பர், சிலர் கவலையும் கொள்வர். ஆயினும் அவ்வாக்கியத்தை உற்று நோக்குங்கள். வினைச்சொல் இறுதியில் வருவதே இரு மொழிக்கும் வழக்கு. குழந்தை அவ்வழக்கிலிருந்து சிறிதும் வழுவவில்லை. ஒரு வீட்டுச் செங்கல்லை மற்றொரு வீட்டுச் சுவரில் வைத்திருக்கிறது, சுவரோ சாயவில்லை.

வேலியோரம் வண்ணத்துப்பூச்சி ஒன்று பறக்கிறது. சிங்களத்திலே அதற்குச் 'சமனலயா' என்று பெயர். 'வண்ணத்துப்பூச்சி' என்னும் நெடுஞ்சொல் நாவிற்கு வசப்படாத குழந்தை, எளிதாயிருக்கும் மற்றச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறது. பசித்தவனுக்கு எக்கை முந்துகிறதோ அக்கையால் உண்பதைப் போன்றதே இது. 'வேண்டாம்' என்பதற்குச் சிங்களத்தில் 'எபா' என்பர். இரண்டு வயதிலே மறுப்புச் சொல்லின்றி வாழ்வேது? ஆதலின் இவ்விரண்டையும் எந்தக் குழந்தையும் விரைவிலே கற்றுக்கொண்டுவிடுகிறது!

இன்னுமொரு வேடிக்கை. சிங்களத் தோழி கைநீட்டி, "என்ன" என்கிறாள். அவள் மொழியில் அதற்கு 'வாருங்கள்' என்று பொருள். தமிழ்க் குழந்தையோ, எதையோ கேட்கிறாள் என்றெண்ணி முதல் நாள் விழிக்கும். சின்னாளிலே, யார் வாயிலிருந்து வந்தால் அது கேள்வி, யார் வாயிலிருந்து வந்தால் அது அழைப்பு என்று தெரிந்துகொள்ளும். ஒலி ஒன்றாயிருக்கப் பொருளைப் பிரித்தறியும் குழந்தையைக் குழம்பிய குழந்தை என்று கூறலாமோ?

பிரிக்கத் தேவையில்லாத சொற்களும் பல உண்டு. அம்மா, அக்கா, மாமா ஆகிய உறவுப் பெயர்கள் இரு மொழிக்கும் பொது. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற மேசை, சப்பாத்து, பாண் என்பனவும் சிறிதே உருமாறி இரு மொழியிலும் வழங்குகின்றன. பிற்பகல் நான்கு மணிக்கே வளர்பிறை நிலவு வெளுத்துத் தோன்றும் நாள்களில், ஒரு குழந்தை 'அம்புலிமாமா' என்று கைகாட்டும். மற்றது 'ஹந்த மாமா' என்று கைகாட்டும். நிலவு இரு வீட்டாருக்கும் மாமனே!

இனி அறிஞர் கூறுவதைப் பார்ப்போம். 1923ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டுப் பிள்ளைகளைச் சோதித்த சேயர் என்பார், நாட்டுப்புறத்து இருமொழிப் பிள்ளைகள் அறிவுச் சோதனையிலே பின்தங்கியிருந்தனர் என்று எழுதினார். அக்கருத்து நெடுங்காலம் நிலவியது. குடும்ப வசதி, கல்வி வாய்ப்பு ஆகியவற்றின் வேறுபாடுகளை அத்தகைய ஆராய்ச்சிகள் சரிவரக் கணக்கிற் கொள்ளவில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. 1962இல் பீல், லாம்பர்ட் என்னும் இருவர், மொன்றியல் நகரத்திலே ஒத்த வாழ்க்கைத் தரமுள்ள பத்து வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டனர். பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்கறிந்த பிள்ளைகள், ஒரு மொழி மட்டும் அறிந்தோரைவிடச் சோதனைகளில் மேம்பட்டு நின்றனர். 2010இல் வெளியான வான்கூவர் நகரத்து ஆராய்ச்சியோ, தாயின் வயிற்றிலிருந்தபோதே இரு மொழி கேட்ட சிசுக்கள், பிறந்தவுடன் இரண்டையும் விரும்பிக் கேட்பதோடு அவற்றை வேறுபிரித்தும் அறிகின்றன என்று காட்டிற்று. கலந்து பேசுதல் வளர்ச்சியின் ஒரு படியேயன்றி நோயன்று.

அப்படியாயின் அஞ்சத்தக்கது யாதுமில்லையா? உண்டு. ஒவ்வொரு மொழியிலும் குழந்தை பெறும் சொற்செல்வம், அம்மொழியை அது எவ்வளவு நேரம் கேட்டுப் பேசுகிறது என்பதைப் பொறுத்தது. கேளாத மொழி வளராது. இவ்விடத்திலேதான் பெற்றோரின் அச்சம் கேடு செய்கிறது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோரான மக்களின் பிள்ளைகள் நாம். 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியானதையும், 1987இன் 13ஆவது திருத்தத்தின் பின்னரே தமிழும் அரசகரும மொழியானதையும் அறிந்தவர்கள். மொழி தெரியாமல் அலுவலக வாசலிலே நின்ற தந்தை, தன் பிள்ளைக்கு அந்நிலை வரலாகாது என்று எண்ணுவது நியாயமே. ஆனால் அதற்காகத் தமிழை வீட்டிலிருந்து விலக்கி, தாமே திணறிப் பேசும் சிங்களத்தையோ ஆங்கிலத்தையோ மட்டும் பிள்ளையிடம் பேசுவோர் பெறுவதென்ன? தாய் கதை சொல்லாள். பாட்டியின் தாலாட்டு நின்றுபோம். அரைகுறைச் சொற்களே பிள்ளையின் முதல் உணவாகும். மறுபுறம், சிங்களப் பிள்ளைகளோடு சேராதே என்று தடுப்போர், இலவசமாய்க் கிடைக்கும் கல்வியொன்றை வாசலோடு திருப்பி அனுப்புகின்றனர்.

ஆகவே பெற்றோர் செய்யத்தக்கவை சில. உங்களுக்கு நன்றாக வரும் மொழியிலேயே பிள்ளையோடு நிறையப் பேசுங்கள். "வத்துர" என்று கேட்டால் அதட்டாமல், "தண்ணீர் வேணுமா? இந்தா தண்ணீர்" என்று கொடுங்கள், தமிழ்ச் சொல் தானே பதியும். வேலை முடிந்து வரும் வழியிலே மரத்தையும் ஓடையையும் காகத்தையும் காட்டிப் பெயர் சொல்லுங்கள். இதற்குக் காசு வேண்டியதில்லை. பிள்ளை அறிந்த சொற்களை எண்ணும்போது இரு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ணுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒன்றரை வயதாகியும் எம்மொழியிலும் ஒரு சொல்லேனும் வாராவிடினும், இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாவிடினும், "இரண்டு பாஷை கேட்பதால் தாமதம்" என்று வாளாவிருந்துவிடாதீர்கள். மருத்துவமாதிடமோ வைத்தியரிடமோ காட்டிக் குழந்தையின் செவிப்புலனைச் சோதிக்கச் சொல்லுங்கள். செவியின் குறையை மொழியின்மேற் சுமத்திக் காலங்கடத்துவது பெருந்தவறு.

பல்கலைக்கழகம்வரை செல்லும் நம் மாணவர், பெருமுயற்சியோடு இரண்டாம் மொழி கற்கின்றனர். அதையே மரநிழலிலே, மண்ணளைந்துகொண்டு, முயற்சியென்று தெரியாமலே ஒரு குழந்தை கற்கிறது. அக்குழந்தையின் ஒரு கையைப் பாட்டி பற்றியிருக்கட்டும். மறு கையைத் தோழி பற்றியிருக்கட்டும். எந்தக் கையையும் விடுவிக்கும்படி நாம் சொல்லாதிருந்தாற் போதும்.