யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

கண்டியில் ஒரு பாடசாலை விழா. மேடையிலே நகைச்சுவை நாடகம். தோட்டத் தொழிலாளியாக வேடமிட்ட மாணவன் மலையகப் பேச்சைக் கோணலாக்கிப் பேசுந்தோறும் சபை கைதட்டியது. தோட்டத்திலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகள் சிலர் தலைகுனிந்திருந்ததை நாம் கண்டோம். குறை கூறியபோது, "இது வெறும் நகைச்சுவைதானே!" என்றனர். நம் தோழர் சிலரோ, "மக்கள் கண்ணீர் வடிக்கையில் சிரிப்பு எதற்கு?" என்று சிரிப்பையே ஒதுக்கிவிட்டனர். இவ்விரு கூற்றையும் நாம் மறுக்கிறோம்.

தமிழ் கற்றவர்க்குச் சிரிப்பு சிறுமையன்று. அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாக வகுத்தார் தொல்காப்பியர். பழியை மறைத்துரைப்பது பழிகரப்பு. தொண்டைமானின் படைக்கலங்கள் மாலை சூடி, நெய் பூசி அழகாயிருக்கின்றன என்று புகழ்ந்தார் ஔவையார். அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கின்றன என்றார். புகழ்ச்சியே இகழ்ச்சியான விந்தை அது.

இக்கண்கொண்டு மார்க் ட்வெயினைப் பயிலல் வேண்டும். 1884இல் இங்கிலாந்திலும், 1885இல் அமெரிக்காவிலும் வெளிவந்த 'ஹக்கிள்பெரி பின்' நாவலைச் சிறுவரின் ஆற்றுப் பயணக் கதையாகச் சுருக்குவோர் அதன் உயிரையே போக்கிவிடுகின்றனர். அடிமை ஜிம் தப்பியோட உதவுவது திருட்டு, பாவம் என்றே ஊர் ஹக்குக்குக் கற்பித்திருக்கிறது. அவனும் நம்புகிறான். ஜிம்மைக் காட்டிக்கொடுக்கக் கடிதம் எழுதுகிறான், தோழமையை நினைக்கிறான், கடிதத்தைக் கிழித்துவிட்டு நரகத்துக்கே போவதெனத் துணிகிறான். வாழ்வின் தலைசிறந்த செயலைச் செய்கையில் தான் கெட்டொழிந்ததாக எண்ணும் அவன் பேதைமை கண்டு நகைக்கிறோம். மறுகணமே, அதைக் கற்பித்த சமுதாயம் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது!

பிறிதோரிடம். நீராவிப் படகில் வெடிவிபத்து நேர்ந்ததாக ஹக் பொய் புனைகிறான். எவருக்கும் காயமில்லை, கறுப்பினத்தவன் ஒருவன் மாண்டான் என்கிறான். நல்லவேளை, சிலசமயம் மனிதருக்குக் காயம் படுவதுண்டு என ஆறுதலடைகிறாள் இளகிய மனத்து மாது ஒருத்தி. ஆசிரியர் ஒரு சொல்லும் இடையிட்டுக் கூறவில்லை. கூறவேண்டிய தேவைதான் என்ன? ஜிம்மின் சிறைவாசத்தை விளையாட்டாக்கும் நாவலின் இறுதிப்பகுதி குறையுடையதே. அதனால் இவ்விடங்களின் வலிமை குன்றிவிடாது.

இஃது அயலூர்ச் சங்கதியன்று. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டபோது, 1865ஆம் ஆண்டின் சட்டம் நடப்பிலிருந்தது. ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டகன்ற தொழிலாளி குற்றவாளியானான். கடன் குறித்த 'துண்டு' இன்றி வேறு தோட்டத்தில் அவனுக்கு வேலையில்லை. 1921இலேயே துண்டுமுறை ஒழிந்தது. அன்று ஓடிவந்தவனை ஒளித்து வைத்துச் சோறிட்டவன் நல்லவனா, குற்றவாளியா? ஹக்கின் வினா நம் மலைகளின் வினாவுமாகும்.

சிரிப்பை ஒதுக்கும் தோழர்க்கும் மலையகமே விடையிறுக்கிறது. சி. வி. வேலுப்பிள்ளை மலையக மக்களின் பாடல்களைத் தொகுத்தளித்தார். அம்மக்கள் தம் பாடல்களிலே கங்காணியையும் துரையையும் எள்ளி நகையாடினர். கண்ணீர் வடித்தவர்களே சிரிக்கவும் அறிந்திருந்தனர்.

1896இல் ட்வெயின் கொழும்புக்கு வந்தார். மிஷன் பாடசாலைச் சிறுமியர்க்கு அணிவிக்கப்பட்ட ஐரோப்பிய உடையின் அவலட்சணத்தை மறுவாண்டு வெளிவந்த பயணநூலிற் கேலி செய்தார். கையோடு தம் உடையையும் நோக்கி, தம்மோடு தாமே வீதியில் நிற்க நாணியதாக எழுதினார். உடையணிவித்த நாகரிகத்தையே அவர் நகைத்தார்; அதிலே தம்மையும் விலக்கவில்லை.

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! மேடையிற் சிரிப்பெழும்போது ஒன்றே கேளுங்கள்: யாரைப் பார்த்து? ஒடுக்கப்பட்டவனின் நாவைப் பழிக்கும் சிரிப்பு துரைமாரின் பிரம்புக்கு உறவு. ஒடுக்குபவனின் நீதியைப் பழிக்கும் சிரிப்பையே நாம் வளர்த்தல் வேண்டும். அடுத்த விழாவிலே அப்பிள்ளைகள் தலைநிமிர்ந்து சிரிக்கட்டும்.