சுவரை மூடுவதற்கு முன்

பாடசாலைக் கூரை திருத்துவதைப் பற்றி ஒரு பதிவா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு வாசியுங்கள். நீங்கள் ஒரு நாளில் ஆறு மணித்தியாலம் இருக்கும் கட்டடத்தைப் பற்றிய விஷயம் இது. அதை யார் திருத்துவது, என்ன விலைக்கு, என்ன நிபந்தனையில் என்று முடிவெடுக்கும் மேசையில் உங்கள் வயதுக்காரர் ஒருவருக்கும் கதிரை போட்டிருக்கிறார்கள். அந்தக் கதிரையில் எங்கட பிள்ளைகளை நான் அதிகம் கண்டதில்லை.

முதலில், இந்த நாட்டுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நியூசிலாந்து 1991இல் புதிய கட்டடச் சட்டம் கொண்டுவந்தது. இப்படித்தான் கட்ட வேண்டும் என்று கட்டளையிடுவதை விட்டு, கட்டடம் இப்படி இயங்கினால் போதும் என்று சொன்ன சட்டம் அது. நோக்கம் நல்லதுதான். ஆனால் 1990களின் நடுவில் மருந்து ஏற்றாத பைன் மரத்தைச் சுவர்ச் சட்டத்துக்குப் பாவிக்கவும் அனுமதி கிடைத்தது. வெளிச்சுவர்ப் பலகைக்கும் மரச் சட்டத்துக்கும் இடையில் காற்றுப் போக இடைவெளி விடாமல் கட்டினார்கள். உள்ளே போன மழைத் தண்ணீர் வெளியே வர வழியில்லை. மரம் உக்கியது, பூஞ்சை பிடித்தது. 2002இல் ஹன் அறிக்கை இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2004இல் சட்டத்தை மாற்றி எழுதினார்கள். ஆனால் அதற்குள் ஆயிரக்கணக்கான வீடுகளும் பாடசாலைக் கட்டடங்களும் எழும்பிவிட்டன. மழையும் கூட, புதிய வகுப்பறைகளும் கூட என்று இருந்த ஒக்லாந்துக்கு அதில் பெரிய பங்கு.

2013இல் கல்வி அமைச்சு வெளிச்சுவர்ப் பலகை செய்த நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டது. திருத்தச் செலவு நூறு கோடி டொலருக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். காட்டர் ஹோல்ட் ஹார்வி நிறுவனம் தன்மீது சொல்லப்பட்ட குற்றத்தை மறுத்தது. வழக்கை நடத்தலாமா என்ற கேள்வியே நாட்டின் அதியுயர் நீதிமன்றம் வரை போனது. 2016இல் அந்த நீதிமன்றம், கவனக்குறைவுக் குற்றச்சாட்டை விசாரிக்கலாம் என்றது. கடைசியில் 2021 ஓகஸ்டில், விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே இரு தரப்பும் இணங்கிப் போயின. எவ்வளவு காசுக்கு என்பது வெளியே வரவில்லை. 2013இல் வருடம் ஒன்பதில் சேர்ந்த ஒரு பிள்ளை, அதற்குள் பாடசாலையும் முடித்துப் பல்கலைக்கழகமும் முடித்திருப்பார்.

இந்த நாட்டுக் கட்டட விதிக்கோவை, கட்டடத்தைத் தாங்கும் பகுதிகள் குறைந்தது 50 வருடம் நிற்க வேண்டும் என்கிறது. வெளிச்சுவர் உறை போன்றவை 15 வருடம். ஆனால் கட்டிய வேலையில் குறை என்று வழக்குப் போட அதிக பட்சம் 10 வருடம்தான். பதினோராவது வருடம் சுவருக்குள் மரம் உக்கியிருப்பதைக் கண்டுபிடித்தால், கட்டியவரைக் கேட்க முடியாது. செலவு வரி கட்டுகிறவர் தலையில்.

நான் தகவல் தொழில்நுட்பத்தில் வேலை செய்கிறேன். மென்பொருளில் பிழை இருந்தால் இரவோடு இரவாகத் திருத்தி அனுப்பிவிடலாம். சுவர் அப்படியில்லை. மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன்: பாடசாலைத் திருத்த வேலைக்கான விதிகளில் பெறுமதியானவை எல்லாம் சுவரை மூடுவதற்கு முன் செய்ய வேண்டியவை. பிறகு வருவது வக்கீல் செலவு.

அந்த விதிகள் என்ன? பெரும்பாலான அரச பாடசாலைகளின் கட்டடம் அரசுக்குச் சொந்தம். கல்வி அமைச்சு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திருத்த வேலைக்குக் காசு ஒதுக்குகிறது. அதை வைத்துப் பல வேலைகளை நடத்துவது உங்கள் பாடசாலையின் நிர்வாகச் சபை. அரசாங்கக் கொள்முதல் விதிகளின்படி பெரிய வேலையைப் பகிரங்கமாக அறிவித்து, எல்லா விலைமனுவையும் ஒரே அளவுகோலால் பார்க்க வேண்டும். ஆகக் குறைந்த விலைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று அந்த விதிகள் சொல்லவில்லை. கட்டடத்தின் ஆயுட்காலம் முழுதும் ஆகும் செலவைப் பார்க்கச் சொல்கின்றன. சபை உறுப்பினர் ஒருவருக்குச் சபையோடு உள்ள ஒப்பந்தங்களில் ஒரு வருடத்தில் 25,000 டொலருக்கு மேல் போகும் அக்கறை இருந்தால், தனி அனுமதி இல்லாமல் அவர் சபையில் இருக்க முடியாது. 2000க்கு முந்தின கட்டடமென்றால் உடைக்க முன் அஸ்பெஸ்டோஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்துச் சதுர மீற்றருக்கு மேல் அகற்ற, உரிமம் உள்ளவர் வேண்டும். பாடசாலை நேரத்தில் மேற்பார்வை இல்லாமல் மாணவர்களோடு இருக்கக்கூடிய வேலையாட்களைப் பொலிஸ் சோதித்திருக்க வேண்டும்.

இதற்கு ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. இவ்வளவு தாளும் நிரப்ப ஒரு பெரிய கம்பனிக்கு ஆட்கள் இருப்பார்கள்; ஒரு வானும் இரண்டு உதவியாட்களும் வைத்து வேலை செய்கிற சின்ன ஒப்பந்தகாரருக்கு யார் இருக்கிறார்கள்? எங்கட ஆட்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அரசாங்க விலைமனுக்கள் நானும் எழுதியிருக்கிறேன். பல இரவுகள் அதிலேயே போகும். செலவு கூடுகிறது, வேலை தாமதமாகிறது என்ற குறையால் 2024இல் பாடசாலைக் கட்டட நிர்வாகம் பற்றி அரசாங்கமே ஒரு விசாரணை வைத்தது.

என் பதில் இதுதான். தாளைக் குறையுங்கள், கண்ணைக் குறைக்காதீர்கள். ஒரே விபரத்தை மூன்று படிவத்தில் கேட்பதை நிறுத்தலாம். சின்ன வேலைக்குச் சின்னப் படிவம் போதும். ஆனால் பலகை அடிக்கிறதுக்கு முதல் ஒரு சுயாதீனமான ஆள் வந்து பார்ப்பது, படம் எடுத்து வைப்பது, எந்த மரம், எந்த உறை என்று எழுதி வைப்பது: இவற்றில் கை வைக்கக்கூடாது. நேர்மையாக வேலை செய்கிற சின்ன ஒப்பந்தகாரரைக் காப்பாற்றுவதும் இதுதான். யாரும் பார்க்காத இடத்தில், மரத்தில் மிச்சம் பிடிக்கிறவர்தான் எப்போதும் குறைந்த விலை போடுவார்.

இது நியூசிலாந்தோடு முடிகிற கதையும் இல்லை. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பாடசாலைக் கழிவறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாடு முழுவதும் பழுதான பாடசாலைக் கட்டடங்களைத் தேடி இடித்தார்கள். இனி எங்கள் பக்கம் பாருங்கள். பழைய மாணவர் சங்கம் இரவு விருந்து வைக்கிறது, அம்மா அப்பா ரிக்கெற் வாங்குகிறார்கள், ஊர்ப் பாடசாலைக்கு ஒரு வகுப்பறைத் தொகுதி எழும்புகிறது. அங்கே எத்தனை பேர் விலைமனுக் கொடுத்தார்கள்? ஏன் இவருக்குக் கொடுத்தோம்? சீமெந்துக் கலவையை யார் பார்த்தார்கள்? இப்படிக் கேட்டால் நன்கொடையைச் சந்தேகிக்கிறோம் என்று சிலர் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். அந்தக் கூரைக்குக் கீழே இருக்கப்போவது உங்கள் மச்சான் மச்சாளின் பிள்ளைகள்.

உங்களால் என்ன செய்ய முடியும்? வருடம் ஒன்பதுக்கு மேல் மாணவர்கள் உள்ள பாடசாலைகளில் மாணவர் பிரதிநிதி ஒருவர் சபையில் இருக்கிறார். ஒவ்வொரு செப்டெம்பரிலும் தேர்தல். மற்ற உறுப்பினர்களுக்கு உள்ள அதே வாக்கு அவருக்கும் உண்டு. நில்லுங்கள். நிற்க விருப்பமில்லையென்றால், நிற்கிறவரிடம் கேளுங்கள். சபைக் கூட்டங்களுக்கு யாரும் போய்ப் பின்னால் இருந்து பார்க்கலாம். உத்தியோகபூர்வத் தகவல் சட்டத்தின்கீழ் ஒரு மின்னஞ்சல் போட்டால், 20 வேலை நாட்களுக்குள் சபை பதில் சொல்ல வேண்டும்.

கேட்க நாலு கேள்வி போதும். எத்தனை விலைமனு வந்தது? விலையைத் தவிர வேறு எதைப் பார்த்துத் தெரிந்தீர்கள்? சபையில் யாருக்காவது இந்த வேலையில் சொந்த அக்கறை உண்டா? சுவரை மூட முன் யார் வந்து பார்த்தார்கள், அந்தப் படங்கள் எங்கே?

கடைசிக் கேள்விக்குப் பதில் வராவிட்டால், திரும்பவும் கேளுங்கள்.